ஃபிரான்சைஸ் சண்டை ஆர்பிட்ரேஷனுக்குப் போனால் வக்கீல் ஃபீஸ் யார் தலையில்?

கோவையில் ஐடி வேலையை விட்டுவிட்டு, டெல்லியைச் சேர்ந்த ஒரு காபி பிராண்டின் ஃபிரான்சைஸ் எடுத்த ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பி.எஃப். பணம், மனைவியின் நகைக்கடன், பேங்க் லோன் என எல்லாம் சேர்த்து 40 லட்சம் ரூபாய் போட்டிருக்கிறார். 3 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வேறு கிளை வராது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒன்றரை வருடத்தில் அடுத்த சிக்னலிலேயே அதே போர்டு, அதே கலர், அதே மெனுவோடு இன்னொரு கடை திறந்துவிட்டது. கேட்டால் நிறுவனத்திடம் இருந்து பதில் இல்லை. ராயல்டி கட்டுவதை இவர் நிறுத்தினார். காபிக்கொட்டை அனுப்புவதை அவர்கள் நிறுத்தினார்கள். அடுத்த வாரம் வக்கீல் நோட்டீஸ் வந்து சேர்ந்தது.

இந்த நிலையில் வக்கீலைப் பார்க்கப் போகும் யாரும் கேட்கும் முதல் கேள்வி, "சார், ஜெயிச்சா போட்ட பணம் கிடைக்குமா?" என்பது. இரண்டாவது கேள்விதான் இந்தக் கட்டுரையின் விஷயம். "ஜெயிச்சா உங்க ஃபீஸையும் அவங்க கிட்ட வாங்க முடியுமா?"

சட்டத்தில் இருக்கும் பதில் எளிது: பொதுவாகத் தோற்றவர்தான் கட்ட வேண்டும். ஆனால் அந்தப் பதில் கடைசிப் பக்கத்தில்தான் வரும். அதுவரை யார் காசு போடுவது என்பதுதான் பெரும்பாலான சிறு முதலீட்டாளர்களின் கதையை முடிவு செய்கிறது.

நேராகக் கோர்ட்டுக்குப் போக முடியாதா?

இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், டிரேட்மார்க் சட்டம், இன்னும் சில பொதுச் சட்டங்கள், இவற்றை வைத்துத்தான் எல்லாம் ஓடுகிறது. அமெரிக்காவில் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவதற்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன்பே, நிறுவனம் மீதுள்ள வழக்குகள் முதல் தகராறு வந்தால் எங்கே, எப்படித் தீர்ப்பது என்பது வரை 23 தலைப்புகளில் விவரம் அடங்கிய ஆவணத்தைத் தர வேண்டும் என்று மத்திய வர்த்தக ஆணைய விதி சொல்கிறது. இங்கே அப்படி எதுவும் இல்லை. நிறுவனம் தரும் 40, 50 பக்க ஒப்பந்தம்தான் வேதம்.

அந்த ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில், யாரும் படிக்காத இடத்தில், ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருக்கும். அதாவது தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல், இரு தரப்பும் ஏற்கும் தனி நடுவர் முன்னால் தீர்த்துக்கொள்வது. இப்படி ஒரு ஷரத்து இருக்கும்போது நீங்கள் கோர்ட்டில் வழக்குப் போட்டால், எதிர்த்தரப்பு உரிய நேரத்தில் அந்த ஷரத்தைக் காட்டினால் போதும். நடுவர் மன்றம் மற்றும் சமரசச் சட்டம் 1996, பிரிவு 8-இன்படி கோர்ட் உங்களை நடுவரிடம் அனுப்பிவிடும்.

இதில் செலவுக் கணக்கு எங்கே வருகிறது என்றால், நீதிபதிக்குச் சம்பளம் அரசு கொடுக்கிறது. நடுவருக்கு ஃபீஸ் நீங்கள் கொடுக்கிறீர்கள். தமிழ்நாட்டில் பணம் கேட்டுச் சிவில் வழக்குப் போட்டால் கோர்ட் கட்டணம் 3 சதவீதம். 2017 வரை அது 7.5 சதவீதமாக இருந்தது. நம் கோவைக்காரரின் 40 லட்சத்துக்கு 1.20 லட்சம் ரூபாய் ஆகும். அதை ஒருமுறை கட்டினால் முடிந்தது. ஆர்பிட்ரேஷனில் மீட்டர் வேறு மாதிரி ஓடும்.

நடுவர் ஃபீஸ்: கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

1996 சட்டத்தின் நான்காவது அட்டவணையில் நடுவர் கட்டணத்துக்கு ஒரு மாதிரி விகிதம் இருக்கிறது. கோரிக்கைத் தொகை 20 லட்சத்துக்கு மேல் 1 கோடி வரை இருந்தால், 97,500 ரூபாயும், 20 லட்சத்துக்கு மேற்பட்ட தொகையில் 3 சதவீதமும். ஒரே ஒரு நடுவர் என்றால் அதன்மேல் 25 சதவீதம் கூடுதல்.

40 லட்சம் கேட்டால் 97,500 கூட்டல் 60,000. அதாவது 1,57,500. ஒற்றை நடுவருக்கான 25 சதவீதத்தைச் சேர்த்தால் 1,96,875 ரூபாய்.

இத்தோடு நிற்காது. நீங்கள் 40 லட்சம் கேட்டால் நிறுவனம் சும்மா இருக்குமா? ராயல்டி பாக்கி, பிராண்ட் பெயரைக் கெடுத்தது, ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே கடையை மூடியது என்று அவர்கள் பங்குக்கு 25 லட்சம் எதிர்க்கோரிக்கை வைப்பார்கள். அதற்குத் தனியாக ஃபீஸ். 2022 ஆகஸ்டில் ஓ.என்.ஜி.சி. எதிர் ஆஃப்கான்ஸ் குனானுசா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: கோரிக்கைக்கும் எதிர்க்கோரிக்கைக்கும் கட்டணத்தைத் தனித்தனியாகக் கணக்கிடலாம். ஆக 25 லட்சத்துக்கு இன்னொரு 1,40,625 ரூபாய். மொத்தம் 3,37,500. ஆளுக்குப் பாதி என்றால் நம்மவர் பங்கு 1,68,750.

ஒப்பந்தத்தில் "மூன்று நடுவர்கள்" என்று இருந்தால்? அட்டவணைக் கட்டணம் ஒவ்வொரு நடுவருக்கும் தனித்தனி என்று அதே தீர்ப்பு சொல்கிறது. மூவருக்கும் சேர்த்து 8.10 லட்சம், பாதி 4.05 லட்சம். 40 லட்சம் ரூபாய்ச் சண்டைக்கு மூன்று நடுவர் என்பது தெருமுனைக் கடைக்குப் போக வால்வோ பஸ் பிடிப்பது மாதிரி. ஆனால் பெரிய நிறுவனங்களின் ரெடிமேட் ஒப்பந்தங்களில் இப்படித்தான் எழுதியிருக்கும். ஏனென்றால் அது கோடிக்கணக்கான ரூபாய் ஒப்பந்தத்தில் இருந்து அப்படியே காப்பி அடிக்கப்பட்டது.

இன்னொன்று. இந்த அட்டவணை கட்டாயம் அல்ல. இரு தரப்பும் நடுவரும் பேசி வேறு தொகையை முடிவு செய்யலாம். ஆனால் நடுவர் தன்னிச்சையாக, கட்சிக்காரர்கள் ஒப்புக்கொள்ளாமல், தன் ஃபீஸைத் தானே முடிவு செய்ய முடியாது. இதுவும் 2022 தீர்ப்பு சொன்னதுதான். சர்வதேச வர்த்தக ஆர்பிட்ரேஷனுக்கும், ஒரு மையத்தின் விதிகளின் கீழ் நடப்பதற்கும் இந்த அட்டவணை பொருந்தாது. அங்கே அந்தந்த மையத்தின் கட்டணப் பட்டியல்.

இதற்குமேல் வக்கீல் ஃபீஸ், சாட்சிகளின் செலவு, கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, ஸ்டெனோ, ஹால் வாடகை, விமான டிக்கெட். வக்கீல், நடுவர் கட்டணங்களுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. ஓரளவு விற்றுமுதல் உள்ள தொழில் என்றால் அதை ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நீங்களே கட்ட வேண்டும்.

"அவங்க பங்கைக் கட்டலைன்னா?"

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பிரிவு 38-இன்படி, நடுவர் முன்பணம் கேட்கலாம். இரு தரப்பும் சம பங்காகக் கட்ட வேண்டும். ஒரு தரப்பு கட்டாவிட்டால் மற்ற தரப்பு அந்தப் பங்கையும் சேர்த்துக் கட்டலாம். அதுவும் நடக்காவிட்டால் அந்தக் கோரிக்கை மீதான விசாரணையை நடுவர் நிறுத்திவைக்கவோ முடித்துவைக்கவோ முடியும்.

"கட்டலாம்" என்று சட்டம் மென்மையாகத்தான் சொல்கிறது. நடைமுறையில் அதன் அர்த்தம் என்ன? பணம் கேட்டு வந்தவர் நீங்கள். நிறுவனம் தன் பங்கைக் கட்டாமல் இழுத்தால், உங்கள் கேஸ் உயிரோடு இருக்க அவர்கள் பங்கையும் நீங்கள்தான் போட வேண்டும். கடை மூடியாகிவிட்டது, பேங்க் இ.எம்.ஐ. நிற்கவில்லை, இதில் எதிராளியின் பங்கும் சேர்ந்தால் பலர் அந்த இடத்திலேயே "போதும்டா சாமி" என்று பேச்சுவார்த்தைக்கு இறங்கிவிடுவார்கள். அதற்காகவே இழுப்பவர்களும் உண்டு.

ஆனால் இதில் ஒரு மறுபக்கமும் இருக்கிறது. கோரிக்கைக்கும் எதிர்க்கோரிக்கைக்கும் முன்பணத்தைத் தனித்தனியாக நிர்ணயிக்க நடுவருக்கு அதிகாரம் உண்டு. அப்படிப் பிரித்துவிட்டால், நிறுவனத்தின் எதிர்க்கோரிக்கைக்கு நீங்கள் காசு போட்டு உயிர் கொடுக்க வேண்டியதில்லை. அவர்களும் கட்டாவிட்டால் அந்த 25 லட்சம் கோரிக்கை அங்கேயே நின்றுபோகலாம். முதல் விசாரணையிலேயே பிரிக்கச் சொல்லிக் கேளுங்கள் என்று வக்கீலிடம் சொல்லி வைப்பது நல்லது. எதிர்த்தரப்புக்காக நீங்கள் கட்டிய பணத்தை இறுதிச் செலவுக் கணக்கில் சேர்த்துக் கேட்கவும் முடியும்.

எல்லாம் முடிந்து தீர்ப்பு தயாரான பிறகும், செலவுப் பாக்கி இருந்தால், அது தீரும்வரை தீர்ப்பைக் கொடுக்காமல் பிடித்துவைக்க பிரிவு 39 நடுவருக்கு உரிமை தருகிறது. யார் பாக்கி வைத்தாலும், அவசரம் ஜெயித்தவருக்குத்தான்.

கடைசியில் யார் கட்டுவது?

2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு 31ஏ-தான் இதற்கு விடை. அதே ஆண்டு அக்டோபர் 23 முதல் நடைமுறையில் இருக்கிறது. நடுவர் ஃபீஸ், கோர்ட் செலவு, சாட்சிச் செலவு, வக்கீல் ஃபீஸ், மையத்தின் நிர்வாகக் கட்டணம் எல்லாமே இதில் "செலவு" என்ற சொல்லுக்குள் வந்துவிடும். பொது விதி: தோற்றவர், ஜெயித்தவரின் செலவைக் கொடுக்க வேண்டும். வேறு மாதிரி உத்தரவிட நினைத்தால் நடுவர் அதற்கான காரணத்தை எழுத வேண்டும்.

ஆனால் "நியாயமான செலவு" என்ற வார்த்தையை மறந்துவிடக் கூடாது. டெல்லியின் மிகப் பெரிய சீனியர் வக்கீலை வைத்து, ஒரு நாளைக்குப் பல லட்சம் கொடுத்தேன் என்று பில் நீட்டினால் அப்படியே கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். 40 லட்சம் ரூபாய்க் கேஸுக்கு எது நியாயம் என்று நடுவர் பார்ப்பார். நீங்கள் கொடுத்த தொகைக்கும் திரும்பி வரும் தொகைக்கும் இடையே இடைவெளி இருக்கும் என்ற எண்ணத்தோடுதான் இறங்க வேண்டும்.

நடுவர் வேறு என்னவெல்லாம் பார்ப்பார்? இரு தரப்பும் எப்படி நடந்துகொண்டார்கள். கேட்டதில் எவ்வளவு ஜெயித்தார்கள். அர்த்தமில்லாத எதிர்க்கோரிக்கை போட்டு விசாரணையை இழுத்தார்களா. நான்காவதாகச் சட்டம் சொல்வதுதான் அதிகம் பேருக்குத் தெரியாதது: ஒரு தரப்பு நியாயமான சமரசத் தொகை சொல்லி, மற்ற தரப்பு அதை மறுத்ததா என்பது.

இதன் பலம் என்னவென்று உதாரணத்தில் பாருங்கள். நோட்டீஸ் வந்த கையோடு நம் கோவைக்காரர், "40 லட்சம் நஷ்டம், 20 லட்சம் கொடுத்தால் முடித்துக்கொள்கிறேன்" என்று வக்கீல் மூலம் எழுதி அனுப்புகிறார். நிறுவனம் பதிலே போடவில்லை. இரண்டு வருடம் கழித்து நடுவர் 22 லட்சம் கொடுக்கச் சொல்கிறார். 40 கேட்டு 22தான் கிடைத்தது என்பதால், இவர் முழுசாக ஜெயிக்கவில்லை, அவரவர் செலவை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று நிறுவனம் வாதிடும். இவர் அந்தப் பழைய கடிதத்தை எடுத்துக் காட்டுவார். அன்றைக்கே 20 லட்சத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம், அதற்குப் பிறகான செலவு முழுவதும் நிறுவனத்தின் பிடிவாதத்தால் வந்தது என்று சொல்ல முடியும். குறிப்பிட்ட தேதியில் இருந்து ஆன செலவை மட்டும் கொடுக்கச் சொல்லவும், செலவுத் தொகைக்கு வட்டி போடவும் பிரிவு 31ஏ-வில் இடம் இருக்கிறது.

இதே கத்தி மறுபக்கமும் வெட்டும். நிறுவனம் 25 லட்சம் தருகிறேன் என்று எழுதி, நீங்கள் "முழு 40-ம் வேண்டும்" என்று மறுத்து, கடைசியில் 22 லட்சம்தான் வந்தது என்றால், ஜெயித்தும் செலவுக் கணக்கில் அடி வாங்கலாம். கோபத்தில் இருக்கும்போது வரும் சமரசக் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாமல் இருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

"எல்லாச் செலவும் ஃபிரான்சைஸ் எடுத்தவருடையது" என்று எழுதியிருந்தால்?

பல ஒப்பந்தங்களில் இப்படி ஒரு வரி வரும்: தகராறு எழுந்தால், முடிவு எப்படி இருந்தாலும், ஆர்பிட்ரேஷன் செலவு முழுவதையும் ஃபிரான்சைஸ் எடுத்தவரே ஏற்க வேண்டும். கையெழுத்துப் போட்டாச்சே, இனி என்ன செய்ய என்று பலர் சோர்ந்துவிடுகிறார்கள்.

சோர வேண்டியதில்லை. பிரிவு 31ஏ-வின் 5ஆவது உட்பிரிவு சொல்வது இது: என்ன ஆனாலும் செலவு முழுவதையோ ஒரு பகுதியையோ இன்ன தரப்புதான் ஏற்க வேண்டும் என்ற உடன்பாடு, தகராறு எழுந்த பிறகு செய்யப்பட்டிருந்தால் மட்டுமே செல்லும். கடை திறக்கும் உற்சாகத்தில் போட்ட கையெழுத்து இந்த விஷயத்தில் உங்களைக் கட்டாது. இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் பிரிவு 60-உம் ஏறக்குறைய இதே வார்த்தைகளில்தான் இருக்கிறது.

நிறுவனங்களின் வக்கீல்களுக்கும் இது தெரியும். அதனால் அதே விஷயத்தை வேறு சட்டை போட்டுக் கொண்டுவருவார்கள். "ஒப்பந்த மீறலால் நிறுவனத்துக்கு ஏற்படும் சட்டச் செலவு உட்பட அனைத்து இழப்பையும் ஈடுகட்ட வேண்டும்" என்று நஷ்டஈட்டு ஷரத்தில் நுழைப்பது ஒரு வழி. செக்யூரிட்டி டெபாசிட்டில் கழித்துக்கொள்வோம் என்பது இன்னொன்று. இவற்றையும் 31ஏ-வைக் காட்டி எதிர்த்து வாதிட இடம் இருக்கிறது. ஆனால் டெபாசிட் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது என்பதால் வாதாடி வாங்க வேண்டிய நிலை உங்களுக்கு. டெபாசிட் எதற்கெல்லாம் பிடிக்கப்படும் என்ற வரியை, வாடகை ஒப்பந்தத்தில் அட்வான்ஸ் வரியைப் பார்க்கும் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

இந்தப் பாதுகாப்பு எல்லாம் ஆர்பிட்ரேஷனின் சட்டபூர்வ இடம், அதாவது "சீட்", இந்தியாவில் இருந்தால்தான். சீட் வெளிநாடு என்றால் அந்த ஊர்ச் சட்டம். லண்டன் என்றால் அங்கும் தோற்றவர் கட்டுவதுதான் பொது விதி. அமெரிக்காவில் பொது வழக்கமே வேறு: ஒப்பந்தமோ தனிச் சட்டமோ வேறு மாதிரி சொல்லாதவரை ஜெயித்தாலும் தோற்றாலும் உங்கள் வக்கீலுக்கு நீங்கள்தான் கொடுக்க வேண்டும். இரண்டு இந்திய நிறுவனங்களே கூடத் தங்களுக்குள் வெளிநாட்டு சீட் வைத்துக்கொள்ளலாம் என்று 2021 ஏப்ரலில் பி.ஏ.எஸ்.எல். விண்ட் சொல்யூஷன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், வெளிநாட்டு பிராண்டின் இந்தியக் கிளையோடு ஒப்பந்தம் போடுபவர்களும் இந்த வரியைத் தேடிப் பார்க்க வேண்டும்.

ஊர் பேரில் ஒளிந்திருக்கும் செலவு

சென்னையைச் சேர்ந்த ஒரு செல்போன் விற்பனை நிறுவனத்தின் வழக்கு இதற்குச் சரியான பாடம். இண்டஸ் மொபைல் டிஸ்ட்ரிபியூஷன், 2014 அக்டோபரில் டேட்டாவிண்ட் இன்னோவேஷன்ஸ் என்ற நிறுவனத்தோடு ரீட்டெயில் செயின் பார்ட்னராக ஒப்பந்தம் போட்டது. டேட்டாவிண்டின் பதிவு அலுவலகம் அமிர்தசரஸ். சரக்கு வந்தது டெல்லியில் இருந்து சென்னைக்கு. ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் நடக்கும் இடம் மட்டும் மும்பை. பாக்கித் தகராறு வந்தபோது டேட்டாவிண்ட் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மும்பையில் இந்த வியாபாரத்தின் எந்தப் பகுதியும் நடக்கவில்லையே, அந்தக் கோர்ட்டுக்கு என்ன சம்பந்தம் என்ற கேள்வி எழுந்தது. 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்ன பதில்: சீட் மும்பை என்று எழுதியாகிவிட்டது, ஆகவே மும்பை நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்.

அந்த வழக்கில் இந்த வாதத்தால் பலன் பெற்றது சென்னை நிறுவனம்தான். ஆனால் கோவையில் கடை வைத்திருப்பவருக்கு அதன் அர்த்தம் வேறு. ஒப்பந்தத்தில் டெல்லி என்று இருந்தால், நடுவரை நியமிக்கக் கேட்பது, இடைக்காலத் தடை கேட்பது, தீர்ப்பை எதிர்ப்பது எல்லாமே டெல்லி நீதிமன்றங்களில்தான். அங்கே ஒரு வக்கீல், இங்கே ஒரு வக்கீல். விசாரணையை மட்டும் வீடியோவிலோ வேறு ஊரிலோ நடத்தக் கேட்கலாம். சீட் வேறு, உட்காரும் இடம் வேறு. ஆனால் கோர்ட் மாறாது.

கனடாவில் இந்த இடச் செலவே ஒரு ஷரத்தைக் கவிழ்த்திருக்கிறது. டொரண்டோவில் உபர் ஈட்ஸுக்கு உணவு டெலிவரி செய்த ஓட்டுநர் ஒருவர், நெதர்லாந்தில் நடக்க வேண்டிய ஆர்பிட்ரேஷனைத் தொடங்கவே 14,500 அமெரிக்க டாலர் கட்ட வேண்டியிருந்தது. அவர் வாரத்துக்குச் சம்பாதித்தது சில நூறு டாலர். அந்த ஷரத்து மனசாட்சிக்கு ஒவ்வாதது, செல்லாது என்று 2020 ஜூனில் கனடா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவில் இதற்கு நெருக்கமானது ஐகாம் டெலி வழக்கு. ஆர்பிட்ரேஷன் கேட்க வேண்டுமானால் கோரும் தொகையில் 10 சதவீதத்தை முதலில் டெபாசிட் செய்ய வேண்டும் என்ற ஷரத்தை 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் அது அரசு அமைப்பு ஒன்றின் ஒப்பந்தம். தனியார் பிராண்டின் ஒப்பந்தத்துக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது.

நடுவரை அவர்களே போட்டால்?

"நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் நியமிக்கும் ஒருவரே நடுவர்" என்ற ஷரத்து இன்னும் பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. 2019 நவம்பரில் வந்த பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் தீர்ப்புக்குப் பிறகு அது செல்லாது. முடிவில் அக்கறை உள்ளவர் தனியாக நடுவரை நியமிக்க முடியாது. இந்த ஆட்சேபத்தை விட்டுக்கொடுப்பதாக இருந்தாலும், தகராறு எழுந்த பிறகு எழுத்தில் செய்ய வேண்டும். செலவு விஷயத்தில் பார்த்த அதே தர்க்கம்தான்.

இது செலவோடு எப்படிச் சேர்கிறது? ஆட்சேபம் சொல்லி உயர் நீதிமன்றம் போனால் ஒரு மனு, சில மாதம், ஒரு ஃபீஸ். போகாமல் விட்டு, இரண்டு வருடம் விசாரணை நடந்து, தீர்ப்பும் வந்த பிறகு நியமனமே தவறு என்று ரத்தானால், எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். அந்த இரண்டு வருட ஃபீஸ் போனது போனதுதான். ஜெயித்திருந்தாலும் சரி.

பெரியவர்கள் சண்டை போட்டபோது

மெக்டொனால்ட்ஸும் வட இந்தியாவில் அதன் கூட்டாளியாக இருந்த விக்ரம் பக்‌ஷியும் 50:50 பங்காளிகள். கனாட் பிளாசா ரெஸ்டாரன்ட்ஸ் என்ற அந்தக் கூட்டு நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் பதவியில் இருந்து 2013 ஆகஸ்டில் பக்‌ஷி நீக்கப்பட்டார். அவர் கம்பெனி சட்ட அமைப்புக்குப் போனார். மெக்டொனால்ட்ஸ் லண்டன் ஆர்பிட்ரேஷன் மையத்துக்குப் போனது. 2017 ஜூலையில் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் அவரை மீண்டும் பதவியில் அமர்த்தியது. அடுத்த மாதமே 169 கடைகளின் ஃபிரான்சைஸை மெக்டொனால்ட்ஸ் ரத்து செய்தது. செப்டம்பரில் லண்டன் தீர்ப்பு மெக்டொனால்ட்ஸுக்குச் சாதகமாக வந்தது. அதோடு முடியவில்லை, இந்தியாவில் அதை அமலாக்குவதற்கு டெல்லியில் மறுபடி மனுக்கள். கடைசியில் 2019 மே மாதம் பக்‌ஷியின் பங்குகளை மெக்டொனால்ட்ஸ் வாங்கிக்கொண்டு கோர்ட்டுக்கு வெளியே முடித்தார்கள்.

ஆறு வருடம், இரண்டு நாடுகள், பல மன்றங்கள். அந்தச் செலவைத் தாங்கும் உடம்பு அவர்களுக்கு இருந்தது. 40 லட்சம் போட்டவருக்கு அந்த ஆறு வருடத்தில் ஒரு வருடம்கூடத் தாங்காது. அவருக்குப் பயன்படக்கூடியது பிரிவு 29பி. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் எழுத்துபூர்வ ஆவணங்களை வைத்தே, பொதுவாக வாய்மொழி விசாரணை இல்லாமல், 6 மாதத்தில் முடிக்கும் விரைவு முறை அது. ஒப்பந்தம் போடும்போதே, "1 கோடிக்குக் கீழ்ப்பட்ட தகராறு என்றால் ஒற்றை நடுவர், விரைவு முறை" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். பிராண்டுகள் ராயல்டி சதவீதத்தில் இறங்கி வராது. இந்த மாதிரி வரிகளில் சில சமயம் இறங்கி வரும், ஏனென்றால் அவர்களுக்கும் இது செலவுதான்.

ரசீது இருக்கா?

கேஸ் முடியும் கட்டத்தில் இரு தரப்பும் செலவுப் பட்டியல் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். வக்கீலின் பில், பேங்க் டிரான்ஸ்ஃபர், விமான டிக்கெட், நடுவருக்குக் கட்டிய முன்பணம், எதிர்த்தரப்புக்காகக் கட்டிய பங்கு என எல்லாவற்றுக்கும் காகிதம் வேண்டும். கையில் ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காத ஃபீஸுக்குப் பட்டியலில் மதிப்பில்லை. ஆர்பிட்ரேஷன் தொடங்கும் முன்பே கடை போர்டை எடுக்கச் சொல்லி நிறுவனம் பிரிவு 9-இன்கீழ் கோர்ட்டுக்குப் போயிருந்தால், அதை எதிர்க்க ஆன செலவையும் பட்டியலில் சேர்க்க மறக்க வேண்டாம். 31ஏ கோர்ட் நடவடிக்கைகளுக்கும் பொருந்தும்.

நடுவர் 22 லட்சமும், செலவுக்கு 4 லட்சமும் கொடுக்கச் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் 3 மாதத்துக்குள், நியாயமான காரணம் காட்டினால் மேலும் 30 நாட்களுக்குள், பிரிவு 34-இன்கீழ் டெல்லியில் அதை எதிர்க்கலாம். 2015க்கு முன்பு மனுப் போட்டாலே தீர்ப்பு தானாக நின்றுவிடும். இப்போது அப்படி இல்லை. தனியாகத் தடை கேட்க வேண்டும், அதற்குக் கோர்ட் நிபந்தனை போடலாம். தொகையை டெபாசிட் செய்யச் சொல்வது வழக்கமான நிபந்தனை. அந்தப் பணம் கோர்ட்டில் இருக்கும்வரை, கோவையில் இருப்பவர் டெல்லி வக்கீலுக்கு இன்னும் ஒரு சுற்று ஃபீஸ் அனுப்பிக்கொண்டிருப்பார். அந்தச் சுற்றின் செலவை யார் ஏற்பது என்று அந்தக் கோர்ட் தனியாக முடிவு செய்யும்.